சாயத் தொட்டியும் ஆயுத ஒப்பந்தமும்

துணி அச்சில் சாயத்தைக் கரைக்க உதவும் திரவங்களில் தயோடைகிளைக்கால் ஒன்று. பேனா மையிலும் அது சேர்வதுண்டு. அதே திரவம்தான் கடுகு வாயு என்ற போர் நஞ்சுக்கும் மூலப்பொருள். 1980களில் ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற டச்சு வியாபாரி, சதாம் உசேனின் ஈராக்குக்கு இதை 1,000 டன்னுக்கு மேல் வாங்கி அனுப்பினார். 1988 மார்ச் 16 அன்று குர்து மக்கள் வாழ்ந்த ஹலப்ஜா நகரத்தின் மேல் கடுகு வாயுவும் நரம்பு நஞ்சும் பொழியப்பட்டன. ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். 2005 டிசம்பரில் ஹேக் நகர நீதிமன்றம் வான் அன்ராட்டுக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது 17 ஆண்டாகக் கூடியது. சரக்கு துணி ஆலைகளுக்குப் போவதாகவே தான் நினைத்ததாக அவர் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பெருமாநல்லூரில் இருந்துகொண்டு இந்த வழக்கைப் படிக்கிறவர்கள் அந்த ஒரு வாதத்தைச் சட்டென்று கடந்துபோக முடியாது. சேலம் - கோவை நெடுஞ்சாலையும் திருப்பூர் - கோபி சாலையும் சந்திக்கிற இந்த ஊரைச் சுற்றி பனியன் கம்பெனிகளும் பிரிண்டிங் பட்டறைகளும் கெமிக்கல் குடோன்களும் நெருக்கமாக இருக்கின்றன. துணி ஆலைக்கு என்று பில் போட்டால் கேள்வி கேட்காமல் சரக்கு நகரும் இடம் இது. ஆயுதக் கட்டுப்பாடு என்றதும் ஜெனிவா மேசையும் ஏவுகணை எண்ணிக்கையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எழுபது ஆண்டுகளாகப் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் செய்த ஆராய்ச்சியைப் புரட்டினால், அதன் கடினமான பகுதி மேசையில் இல்லை என்று தெரிகிறது. ஒரே பொருள் வாழ்வுக்கும் சாவுக்கும் பயன்படும்போது எது எதற்குப் போகிறது என்று கண்டறிவதுதான் அந்தப் பகுதி. அந்த அறிவு நம்மைப் போன்ற தொழில் ஊர்களில் இருக்கிறது. அதைத் தேடி எந்தத் துறையும் இங்கே வந்ததில்லை என்பதே என் குறை.

சாயத்துக்கும் போருக்கும் உள்ள உறவு பழையது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. சாயத் தொழிலுக்காக ஏற்கெனவே பெரிதாக வளர்ந்திருந்த ரசாயன ஆலைகள் இல்லாமல் அவ்வளவு குளோரினை அவர்களால் திரட்டியிருக்க முடியாது. நம் நாட்டு அவுரி விவசாயத்தை வீழ்த்திய செயற்கை நீலம் வந்ததும் அதே ஆலைகளில் இருந்துதான். சில நாள் கழித்து ஈப்ரில் அந்த வாயுவுக்கு நேரே நிறுத்தப்பட்டவர்களில் லாகூர் டிவிஷனின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிளீச்சிங் பட்டறையில் கண் எரிந்து தொண்டை அடைத்து வெளியே ஓடி வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு, பதுங்குகுழிக்குள் அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 1925இல் ஜெனிவா உடன்பாடு இத்தகைய நஞ்சைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. தயாரிப்பதையும் சேர்த்துவைப்பதையும் தடுக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க இன்னும் எழுபது ஆண்டு ஆயிற்று.

பேராசிரியர்கள் உள்ளே வந்த விதம்

அணுகுண்டு வந்த பிறகுதான் இது பல்கலைக்கழகப் பாடமாக உருப்பெற்றது. 1954 மார்ச்சில் அமெரிக்கா பசிபிக் கடலில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஜப்பானிய மீனவர்கள் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அடுத்த மாதமே நேரு நாடாளுமன்றத்தில் சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்றார். பிறகு அவர் செய்த காரியம் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. டெல்லிப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரும் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகருமான டி. எஸ். கோத்தாரியிடம், அணு வெடிப்பின் விளைவுகளை ஆராய்ந்து எழுதச் சொன்னார். பொதுவெளியில் கிடைத்த தகவல்களைக் கொண்டே கோத்தாரி கணக்குப் போட்டார். 1956இல் மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு அதை நூலாகக் கொண்டுவந்தது. வல்லரசுகள் மூடிவைத்த விஷயத்தைக் கையில் ஒரு குண்டும் இல்லாத ஏழை நாட்டின் பேராசிரியர் பொதுமக்கள் கையில் கொடுத்தார். இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

1955இல் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் விடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1957இல் கனடாவின் பக்வாஷ் என்ற சிற்றூரில் 22 அறிஞர்கள் கூடினார்கள். பனிப்போரின் இரு தரப்பு விஞ்ஞானிகளும் அரசின் பிரதிநிதிகளாக இல்லாமல் தனி மனிதர்களாகப் பேசிக்கொள்ள அது வழி செய்தது. 1995இல் அந்த இயக்கத்துக்கும் அதன் தூண்களில் ஒருவரான ஜோசஃப் ராட்பிளாட்டுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 2002 முதல் 2007 வரை பக்வாஷின் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் இலங்கையின் ஜயந்த தனபால. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டித்த 1995ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ராஜாஜி 1962இல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், காந்தி அமைதி அறக்கட்டளைக் குழுவோடு வாஷிங்டன் போய்க் கென்னடியிடம் சோதனைத் தடைக்காக வாதாடியதையும் இந்த வரிசையில் வைக்கத் தோன்றுகிறது. ஆராய்ச்சி இல்லைதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கும் தமிழ்நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு அதுவே பதில்.

அதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேறொரு போக்கு வளர்ந்தது. தாமஸ் ஷெல்லிங், மார்டன் ஹால்பரின் இருவரும் 1961இல் எழுதிய நூல், ஆயுதங்களை அடியோடு ஒழிப்பதைப் பற்றியது அல்ல. எதிரிகள் எதிரிகளாகவே இருந்துகொண்டு, தவறுதலாகப் போர் மூளாமல் பார்த்துக்கொள்ள ஒத்துழைக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஹாட்லைன் முதல் ஏவுகணை வரம்பு வரை பின்னால் வந்த பலவற்றுக்கு இந்தச் சிந்தனையே அடித்தளம். இதில் நன்மை உண்டு. ஆனால் ஒழிப்பு என்ற இலக்கைப் பேராசிரியர்களே கைவிட இது வசதியான சாக்காகவும் ஆயிற்று.

சந்தேகத்தை அளப்பது

இத்துறையின் உண்மையான சாதனை சரிபார்ப்பு ஆராய்ச்சிதான். 1963ஆம் ஆண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வானிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிப்பதை மட்டும் தடுத்தது. பூமிக்கடியில் வெடித்தால் அதை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்ற வாதத்தால் அது வெளியே நின்றது. நிலநடுக்கவியல் துறைகள் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு உழைத்தன. குண்டு எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் தள்ளும். நிலநடுக்கத்தில் பாறைகள் பக்கவாட்டில் வழுக்கும். அதனால் வெடிப்பில் தரையோரமாகப் பரவும் அலைகள் ஒப்பளவில் வலுவிழந்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க 1960களில் உலகெங்கும் ஒரே தரமான கருவிகள் நிறுவப்பட்டன. கொடைக்கானலிலும் ஒன்று இருந்தது. அந்த வலைப்பின்னல் தந்த பதிவுகள்தான் கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கைக்கும் வலுவான சான்றாயின. 1965இல் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நம் அணுசக்தித் துறையும் பிரிட்டனோடு சேர்ந்து ஒரு கருவி வரிசையை அமைத்தது.

அரசு சொல்லும் எண்ணை வெளியிலிருந்து சோதிக்கும் வல்லமை அப்படி உருவானது. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளின் வலிமை அரசு அறிவித்ததைவிடக் குறைவு என்று வெளிநாட்டு நிலநடுக்கவியலாளர்கள் எழுதினார்கள். நம் அணுசக்தித் துறை மறுத்தது. 2009இல் அந்தச் சோதனைகளில் பங்கெடுத்த கே. சந்தானமே ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்றார். அதையும் துறை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். அந்த விவாதத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் குரல் எவ்வளவு மெலிதாக இருந்தது என்பதுதான் வருத்தம் தருகிறது.

சரிபார்ப்புக்குக் கருவி மட்டும் போதாது. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ஆந்த்ராக்ஸ் பரவியது. கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்றது அரசு. ஹார்வர்டின் உயிரியலாளர் மாத்யூ மெசல்சனும் மானுடவியலாளர் ஜீன் கில்லமினும் உட்பட்ட ஒரு குழு 1992, 1993 ஆண்டுகளில் அங்கே போனது. கில்லமின் வீடு வீடாகப் போனார். இறந்தவர் அந்த வாரத்தில் பகல் வேளையில் எங்கே வேலை செய்தார், எந்தத் தெருவில் நடந்தார் என்று உறவினர்களிடம் கேட்டார். கல்லறைகளில் தேதிகளைக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது, ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து காற்று வீசிய திசையில் அவை ஒரே நீளமான பட்டையாக விழுந்தன. அந்தத் திசையில் காற்று அடித்தது ஏப்ரல் 2 அன்று. பட்டை ஊரைத் தாண்டிப் போன வழியில் இருந்த கிராமங்களில் ஆடுமாடுகளும் செத்திருந்தன. 1994இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை, குறைந்தது 66 பேர் இறந்ததற்கு ராணுவக் கூடத்தின் கசிவே காரணம் என்று நிறுவியது. உளவுத்துறைகள் பத்தாண்டுக்கு மேல் தீர்க்க முடியாததைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் தீர்த்தன. இத்துறையில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் மாணவர்களுக்குத் தரலாம் என்றால் நான் இதைத்தான் தருவேன்.

அணுப்பொருள் கணக்கில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு முன்னே நிற்கிறது. உலைகள் எவ்வளவு ஓடின, எவ்வளவு எரிபொருள் கழிந்தது என்பதிலிருந்து ஒரு நாட்டிடம் எவ்வளவு புளூட்டோனியம் சேர்ந்திருக்கும் என்று அவர்கள் மதிப்பிடுகிறார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆர். ராஜாராமன், பின்னர் கனடாவுக்குப் போன எம். வி. ரமணா இருவரும் பாகிஸ்தானின் ஜியா மியான், ஏ. எச். நய்யார் ஆகியோரோடு சேர்ந்து தெற்காசியாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். இரு நாட்டு அரசுகளும் பேசாத காலத்திலும் இரு நாட்டு இயற்பியலாளர்கள் ஒரே அட்டவணையில் கையெழுத்திட்டார்கள். பெங்களூரின் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சீன ஏவுகணைகளை ஆராய்ந்து நல்ல பெயர் பெற்றிருக்கிறது. போரின் விளைவைக் கணிக்கும் ஆய்வுகளும் வளர்ந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுப்போரில் இறங்கினால், புகை சூரியனை மறைத்து விளைச்சல் சரிந்து, உலகெங்கும் 200 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் சாகக்கூடும் என்று 2022இல் நேச்சர் ஃபுட் இதழில் ஒரு சர்வதேசக் குழு எழுதியது.

ரசாயனத்தின் தனிச் சிக்கல்

அணுப்பொருள் சில இடங்களில்தான் இருக்கும். ரசாயனம் எங்கும் இருக்கிறது. அதனால்தான் ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தை உருவாக்க அவ்வளவு காலம் பிடித்தது. மெசல்சனும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் பெர்ரி ராபின்சனும் சேர்ந்து நடத்திய ஹார்வர்ட் - சசெக்ஸ் திட்டம் இதில் செய்த வேலை பெரியது. அவர்கள் விடாமல் வலியுறுத்தியது ஒரு நெறி: பெயர்ப் பட்டியலை மட்டும் தடை செய்யாதே, நோக்கத்தைத் தடை செய். அமைதிப் பயன்பாட்டுக்கு அல்லாத எந்த நச்சுப் பொருளும், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயுதமே. ஒப்பந்தத்தின் உயிர்நாடி இந்த நெறிதான். பட்டியல்கள் சோதனை அலுவலர்களின் வசதிக்காக வந்தவை.

1993இல் கையெழுத்துக்கு வந்து 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில் இந்தியா தொடக்கத்திலேயே சேர்ந்தது. 1992இல் பாகிஸ்தானோடு செய்த கூட்டறிக்கையில் ரசாயன ஆயுதம் இல்லை என்ற நாடு, 1997இல் 1,044 டன் கடுகு வாயு இருப்பதாக அறிவித்தது. 2009இல் முழுவதையும் அழித்து முடித்தது. உலக நாடுகள் அறிவித்த 72,000 டன்னுக்கு மேற்பட்ட கையிருப்பில் கடைசித் துளி 2023 ஜூலையில் அமெரிக்காவில் அழிந்தது. குவாலியரின் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் ஹைதராபாத்தின் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த ஒப்பந்தத்துக்கான ஆய்வகங்களாக அங்கீகாரம் பெற்றவை. அவை பல்கலைக்கழகங்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

அணு ஒப்பந்தத்தை எதிர்த்த இந்தியா இதை ஏற்றது ஏன்? திருச்சியில் பிறந்து டெல்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்த கே. சுப்ரமணியம் வாழ்நாளெல்லாம் வாதிட்டது இதைத்தான்: ஐந்து நாடுகள் குண்டு வைத்துக்கொள்ளலாம், மற்றவர் வைக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு அல்ல, ஆதிக்கம். ரசாயன ஒப்பந்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அவருடைய அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் அதன் நிழலில் நம் பல்கலைக்கழகத் துறைகள் ஒப்பந்தங்களின் அரசியலை மட்டும் பேசப் பழகிவிட்டன. எப்படிச் சரிபார்ப்பது என்ற பட்டறை வேலை கைவிட்டுப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு, உத்திசார் ஆய்வுத் துறை பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியிருக்கிறது. இந்தியப் பெருங்கடல், இலங்கை, சீனா பற்றிய ஆய்வு தமிழ்நாட்டில் செழித்திருக்கிறது. ஆனால் பாதுகாப்புத் துறை ஒரு கட்டடத்தில், வேதியியல் இன்னொன்றில், ஜவுளித் தொழில்நுட்பம் வேறொரு கல்லூரியில். மூன்றும் ஒரே ஆய்வேட்டில் சந்திப்பது அபூர்வம்.

நம் பக்கத்துக் கேள்விகள்

தயோடைகிளைக்கால் நம் ஊர்ப் பட்டறைகளில் ஆறாக ஓடுகிறது என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பனியன் மேல் அச்சடிப்பது பெரும்பாலும் பிக்மென்ட் பிரிண்டிங். அதற்கு அந்தத் திரவம் தேவையில்லை. சாஃப்ட்னர் வகைகளுக்கு மூலப்பொருளாகும் ட்ரைஎத்தனாலமைன் கதை வேறு. அதுவும் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் உள்ள பொருள். நைட்ரஜன் கடுகு என்ற நஞ்சோடு அதற்கு உறவு உண்டு. தயோடைகிளைக்கால் இரண்டாம் பட்டியலில் வருகிறது. ஓர் ஆலை ஆண்டுக்கு 1 டன்னுக்கு மேல் அதைத் தயாரித்தாலோ பயன்படுத்தினாலோ அரசுக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாம் பட்டியலில் வரம்பு 30 டன், அதுவும் தயாரிப்பவருக்கு மட்டும். ஆகவே சிறு பட்டறைகளும் கெமிக்கல் வியாபாரிகளும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். அது தவறு என்று சொல்லவில்லை. இந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும், ஹேக் நகரத்தில் இருக்கும் ரசாயன ஆயுதத் தடை அமைப்பு ஒவ்வொரு கேனையும் எண்ண முடியாது. ஆனால் வான் அன்ராட் தொழிற்சாலை முதலாளி இல்லை, இடைத்தரகர். கண்காணிப்பு பலவீனமாக இருந்த இடமும் அதுதான்.

ஒரு கேனைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிரச்சினை புரியும். லேபிளில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், பக்கத்தில் ஓர் எண். பில்லில் 'டெக்ஸ்டைல் ஆக்சிலரி' என்று இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பாதுகாப்புத் தரவுத் தாளின் மூன்றாம் பிரிவில், சிஏஎஸ் எண்ணாகத்தான் தெரியவரும். தயோடைகிளைக்காலுக்கு 111-48-8, ட்ரைஎத்தனாலமைனுக்கு 102-71-6. கலவை என்றால் சில பொருள்கள் 'வணிக ரகசியம்' என்று மறைந்தும் போகும். டி-சர்ட்டின் எச்எஸ் கோடு 6109 என்பதை இங்கே ஏற்றுமதி டாக்குமென்ட் பார்க்கும் பையன் தூக்கத்திலும் சொல்வான். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தயோடைகிளைக்காலுக்கும் 2930.70 என்று தனிக் கோடு தரப்பட்டது, சுங்கத்தில் அது பொதுத் தலைப்புக்குள் ஒளியாமல் இருக்க. நாம் ஐஇசி எண் வாங்கும் டிஜிஎஃப்டி அலுவலகம்தான் ஆயுதத்துக்கும் பயன்படும் பொருள்களின் ஸ்கோமெட் பட்டியலையும் வைத்திருக்கிறது. ஏற்றுமதியாளருக்கு இரண்டும் ஒரே வாசல். ரசாயன, உயிரியல் ஆயுதங்களுக்கு உதவும் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்பான ஆஸ்திரேலியா குழுவில் 2018இல் இந்தியா சேர்ந்த பிறகு அந்தப் பட்டியலின் பொறுப்பு இன்னும் கூடியது.

இன்னொரு பக்கம், நம் சாயப்பட்டறைகள் கணக்கு வைப்பதில் பின்தங்கியவை அல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத முறைக்கு இந்தத் தொழில் மாறியது. எவ்வளவு நீர் உள்ளே, எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு உப்பு மிஞ்சியது என்று தினமும் எழுதப்படுகிறது. ஐரோப்பிய பையர்களோ எந்த கெமிக்கல் எத்தனை கிலோ வந்தது, எந்த லாட்டில் செலவானது, ஸ்டாக் எவ்வளவு என்ற பட்டியலைக் கேட்டு வாங்குகிறார்கள். ஹேக்கிலிருந்து வரும் ஆய்வாளர் ஓர் ஆலையில் பார்ப்பதும் இதே வரவு, செலவு, இருப்புதான். நொய்யலைக் காக்கவும் பிள்ளைகளின் தோலைக் காக்கவும் கற்றுக்கொண்ட கணக்கு, ஆயுதச் சரிபார்ப்பின் அடிப்படைப் பயிற்சி. இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு அது கைவந்திருக்கிறது என்பதை எந்த ஆய்வும் பதிவு செய்ததாக நான் பார்க்கவில்லை.

பட்டியலை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதும் தெளிவாகிவிட்டது. மருந்து தேடும் ஒரு கணினி நிரலின் இலக்கைத் திருப்பிவிட்டபோது, அது ஆறு மணி நேரத்துக்குள் 40,000 நச்சு மூலக்கூறுகளை முன்வைத்ததாக 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் பல எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. நோக்கத்தைத் தடை செய் என்ற நெறிக்கு இன்று முன்னெப்போதையும்விடத் தேவை கூடியிருக்கிறது. நோக்கத்தைக் கண்டுகொள்ளக்கூடியவர் சரக்கைத் தினமும் கையாள்பவர். அச்சுப் பட்டறையே இல்லாத பெயரில் அச்சு கெமிக்கல் ஆர்டர் வந்தால், வழக்கத்துக்கு மீறிய அளவைக் கேட்டு ரொக்கம் தருவதாகச் சொன்னால், லேபிளை மாற்றித் தரச் சொன்னால், முதலில் உறுத்துவது கெமிக்கல் கடைக்காரருக்குத்தான்.

அப்படி உறுத்தினால் அவர் யாரிடம் சொல்கிறார்? சொன்னால் வியாபாரம் என்ன ஆகிறது? குஜராத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும் ஆக்சிலரி எத்தனை கை மாறிப் பட்டறைக்கு வருகிறது, எந்தக் கையில் தரவுத் தாள் தொலைகிறது? இவை முனைவர் பட்ட அளவுக்குக் கனமான கேள்விகள். கோவையில் ஜவுளி வேதியியல் சொல்லித்தரும் கல்லூரிகளும், பாரதியார் பல்கலைக்கழகமும், திருப்பூரின் பின்னலாடைக் கல்வி நிறுவனமும், சென்னையின் பாதுகாப்பு ஆய்வுத் துறையும் சேர்ந்தால் இரண்டு மூன்று ஆண்டில் பதில் கண்டுவிடலாம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனை. ஆயுதம் செய்யும் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசு, அதைக் கட்டுப்படுத்தும் படிப்புக்கும் ஒரு பங்கு தர வேண்டும். வளரும் நாடுகளின் ரசாயனப் பொறியாளர்களுக்காக ஹேக் அமைப்பு 2000 முதல் பயிற்சித் திட்டம் ஒன்றும் நடத்திவருகிறது. ஜீன் கில்லமின் செய்ததைப் போல, மாணவர் ஒருவர் குறிப்பேட்டோடு பெருமாநல்லூரிலிருந்து குன்னத்தூர் வரை கடை கடையாக ஏறி இறங்கினால், முதல் அத்தியாயத்துக்கான தரவு ஒரு பருவத்திலேயே சேர்ந்துவிடும்.